விடியற்காலைச் சிற்றலையில் கள்ள வானொலிப் பாட்டு

ஐரோப்பாவில் சில ஆர்வலர்கள் உரிமம் இல்லாமலேயே சிற்றலையில் (ஷார்ட்வேவ்) பாட்டு ஒலிபரப்புகிறார்கள். அதை நம் பல்லடத்திலோ பொள்ளாச்சியிலோ பிடிக்க ஆசையா? 48 மீட்டர் அலைநீளப் பகுதியில், 6200 முதல் 6400 கிலோஹெர்ட்ஸ் வரை முள்ளை மெதுவாக நகர்த்துங்கள். ஞாயிறு, திங்கள் விடியற்காலை 3 முதல் 5 மணிதான் நல்ல நேரம். அப்போது அங்கே வார இறுதி இரவு. இரு ஊருக்கும் இடையே முழு இருட்டு என்பதால் அலை நெடுந்தூரம் வரும்.

வீட்டுக்குள் உட்கார்ந்து தேடாதீர்கள். விசைத்தறி மோட்டாரும் எல்இடி விளக்கும் செல்பேசி சார்ஜரும் எழுப்பும் இரைச்சலில் அந்தச் சிறு ஆற்றல் நிலையங்கள் மூழ்கிவிடும். நான் பேட்டரி ரேடியோவோடு தென்னந்தோப்புக்குப் போய்விடுவேன். இரண்டு மரங்களுக்கு இடையே பத்து மீட்டர் செம்புக் கம்பி கட்டி, அதன் ஒரு முனையை ஏரியலில் கவ்வவிட்டால் போதும். கேட்கும் வித்தியாசம் பெரிது. இடி மின்னல் தெரிந்தால் உடனே கழற்றிவிடுங்கள்.

பொறுமை வேண்டும். பல நாள் வெறும் இரைச்சல்தான். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள, இணையம் வழியே யாரும் இயக்கிக் கேட்கக்கூடிய ரேடியோவில் அதே அலைவரிசையைக் கேட்டு, நிலையம் இயங்குகிறதா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளலாம். ஆனால் தோப்பு இருட்டில், நம் கம்பியில், ஏறி இறங்கி வரும் பாட்டின் சுகமே தனி. கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது இங்கே குற்றம்.