ஐடிலிங்கில் வண்டி உதறுகிறதா? பிளக் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

இன்ஜின் ஓடியபடி வண்டி நின்றிருக்கும்போது (அதுதான் ஐடிலிங்) ஸ்டியரிங் உதறினால், முதலில் நாலு ஸ்பார்க் பிளக் மாற்றுகிறார்கள். சரியாகவில்லையா, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில். அப்புறம் பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டர். என்னிடம் வந்து சேரும்போது பாதிப் பொருள் புதுசாக இருக்கும், உதறல் மட்டும் அப்படியே இருக்கும். பார்க்கவே மனசு கேட்காது. எந்தப் பொருள் கெட்டது என்று பெரும்பாலும் வண்டியே சொல்லிவிடும்.

இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பெரும்பாலான பெட்ரோல் வண்டிகள் 650 முதல் 850-க்குள் நிற்கும். முள் ஆடாமல் வண்டி மட்டும் அதிர்ந்தால் இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டையும் சந்தேகப்படுங்கள்.

அடுத்து, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர். அதில் தெரியும் பிழைக் குறியீட்டை (கோடு) உடனே அழித்துவிடாதீர்கள். அழித்தால் ஃப்யூயல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கும் சேர்ந்து போய்விடும். எனக்கு முதலில் வேண்டியதே அதுதான். ஷார்ட் டெர்ம் (அந்தந்த நொடித் திருத்தம்), லாங் டெர்ம் (பழகிப்போன திருத்தம்) இரண்டையும் கூட்டி, ஐடிலிங்கில் ஒரு தடவை, 2500 ஆர்பிஎம்மில் ஒரு தடவை குறித்துக்கொள்ளுங்கள். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. ஐடிலிங்கில் +20, வேகத்தில் +4 என்று வந்தால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. ஐடிலிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான், அதனால் சின்ன ஓட்டைகூடப் பெரிய பங்கு. வேகத்தில் அதே ஓட்டை ஒன்றுமே இல்லை. மாறாக, வேகம் கூடக்கூட ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை: ஃபில்டர், பம்ப் பக்கம் போங்கள்.

ஓட்டையைத் தேட, இன்ஜினை அணைத்துவிட்டு, காற்று உள்ளே போகும் பாதையோடு சேரும் ரப்பர் குழாய்களான வேக்கம் ஹோஸ்களின் வளைவுகளில், அடிப்பக்கமாக விரலை ஓட்டுங்கள். ரப்பர் இறுகி வெடிப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கம்தான். இன்ஜினுக்குள் சேரும் ஆவியைத் திருப்பி அனுப்பும் பிசிவி ஹோஸையும் பிரேக் பூஸ்டர் ஹோஸையும் விடாதீர்கள். இன்ஜின் ஓடும்போது ஹோஸ்கள் மேல் கார்ப் கிளீனர் அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், நான் செய்யவே மாட்டேன்.

இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருந்தால் அதற்குரிய கிளீனரால் துடைத்தால் போதும். இக்னிஷன் ஆனில் இருக்கும்போது மட்டும் எலக்ட்ரானிக் த்ராட்டிலின் தகட்டை விரலால் தள்ளாதீர்கள்.

பி0302 (இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை) மாதிரி ஒரு சிலிண்டரைக் காட்டும் கோடு வந்தால் வேலை இன்னும் சுலபம். இக்னிஷனை அணைத்து, இரண்டாவது சிலிண்டர் காயிலை மூன்றாவதற்கு மாற்றி மாட்டுங்கள். இப்போது கோடை அழித்துவிட்டு ஓடவிடுங்கள். பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி, ஒன்று வாங்கினால் போதும். பி0302-வே திரும்பி வந்தால் பிளக்கை இதேபோல் இடம் மாற்றுங்கள். கழற்றும்போது பிளக் குழியில் ஆயில் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் வால்வ் கவர் சீலையோ கேஸ்கெட்டையோ மாற்றாமல் புது காயில் போட்டும் பயனில்லை. செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் ஓட்டாதீர்கள், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.

பிளக்கும் இல்லை என்றால், இன்ஜெக்டருக்குப் பணம் போடும் முன் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளப்பது) எடுங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது; ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கெட்.