சிஇஏ நார்மல்னா கேன்சர் இல்லையா? வயிறு, உணவுக்குழாய் கேன்சர் டெஸ்ட்ல நம்ம ஆளுங்க பண்ற தப்புகள்

சோறு தொண்டையில நிக்குது, தண்ணி குடிச்சாத்தான் இறங்குதுன்னு ஒருத்தர் சொன்னா அவருக்கு முதல்ல பாக்க வேண்டியது எண்டோஸ்கோப்பி. ஆனா நம்ம பக்கம், ராமேஸ்வரத்துல இருந்து தொண்டி வரைக்கும் பாருங்க, முதல்ல மெடிக்கல்ல கேஸ் மாத்திரை வாங்கி வாரக்கணக்குல முழுங்குறாங்க, அந்த மாத்திரை எரிச்சல அமத்திரும், சில நேரம் கேன்சர் புண்ணு கூட கொஞ்ச நாளைக்கு ஆறுன மாதிரி காட்டும். அப்புறம் லேப்ல "கேன்சர் பேக்கேஜ்" ஒண்ணு போட்டு சிஇஏ, சிஏ 19-9ங்கிற ரெண்டு ரத்த மார்க்கரையும் (கேன்சர் இருந்தா ரத்தத்துல ஏறக்கூடிய பொருட்கள்) பாத்துட்டு நார்மல்னு வந்ததும் கடலுக்குப் போயிடுறாங்க. "அண்ணே, வாப்பாவுக்கு சிஇஏ 3 தான், அப்ப ஒண்ணும் இல்லைல?"ன்னு கீழக்கரையில இருந்து போன் வரும். அந்த நம்பர வச்சு யாராலயும் அப்படிச் சொல்ல முடியாதுங்க. ஆரம்ப ஸ்டேஜ்ல இருக்குற நிறைய பேருக்கு இந்த ரெண்டும் ஏறவே ஏறாது. சிஏ 19-9 இன்னும் மோசம், நூத்துல அஞ்சு பத்து பேரு உடம்பு பிறவியிலயே அந்தப் பொருளத் தயாரிக்காது, அவங்களுக்கு கேன்சர் முத்துனாலும் அது ஏறாது.

இதுக்கு நேர் எதிர் தப்பும் நடக்குது. சிஇஏ கொஞ்சம் ஏறியிருக்குன்னு வீடே அழுதுகிட்டு கிடக்கும், ஆளு பீடி குடிக்கிறவரா இருப்பாரு, பீடி சிகரெட் குடிச்சாலே அது கொஞ்சம் ஏறும். பித்தப்பைக் கல்லு குழாய அடைச்சு காமாலை வந்தா சிஏ 19-9 எகிறும். இந்த ரத்த மார்க்கர் எல்லாம் கேன்சர் உறுதியான பிறகு, ட்ரீட்மென்ட் வேலை செய்யுதா, திரும்ப வருதான்னு பின்தொடரத்தான் ஓரளவுக்கு உதவும். அதுவும் ஒரே லேப்ல எடுக்கணும், ராம்நாட்ல ஒண்ணு மதுரையில ஒண்ணு எடுத்துட்டு ஏறிடுச்சு இறங்கிடுச்சுன்னு கணக்குப் போடக்கூடாது, மெஷினுக்கு மெஷின் மாறும். கீமோ ஆரம்பிச்ச புதுசுல நம்பர் கொஞ்ச நாள் ஏறிட்டு அப்புறம் இறங்குறதும் உண்டு, அதப் பாத்துட்டு மருந்து கேக்கலைன்னு பாதியில நிறுத்துறதுதான் எனக்குக் கோவம் வர்ற விஷயம்.

சிகிச்சைய நிஜமா மாத்துற மார்க்கர் எல்லாம் ரத்தத்துல இல்ல, பயாப்ஸி எடுத்த சதையில இருக்கு. அந்த சதையத்தான் நம்ம ஆளுங்க சீப்பா நினைக்கிறாங்க. ஒண்ணு ரெண்டு துணுக்கு எடுத்தா பத்தாது, கட்டியில பல இடத்துல இருந்து ஆறுல இருந்து எட்டு துணுக்கு எடுத்தாத்தான் எல்லா டெஸ்டுக்கும் காணும், ஏன்னா ஹெர்2ன்னு கேன்சர் செல்லு மேல இருக்குற ஒரு புரோட்டீன், கட்டி பூரா ஒரே மாதிரி இருக்காது, ஒரு ஓரத்துல இருக்கும் இன்னொரு ஓரத்துல இருக்காது. எடுத்த துணுக்க உடனே ஃபார்மலின்ல (சதை கெடாம வைக்கிற திரவம்) போடணும். சலைன்லயோ ஸ்பிரிட்லயோ போட்டு, பாம்பன்ல இருந்து பஸ்ல மதுரைக்கு மடியில வச்சு கொண்டுபோனா சதை கெட்டுரும், இல்ல ரிசல்ட் தப்பா வரும். ரிப்போர்ட் வந்த பிறகு சதைய பதிச்சு வச்ச மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கி பத்திரமா வைங்க. மதுரை பெரியாஸ்பத்திரிக்கோ அடையாறுக்கோ போறப்ப அதுதான் கூட வரணும், வாட்ஸ்அப்ல ரிப்போர்ட் போட்டோ அனுப்பி ஒரு டெஸ்டும் பண்ண முடியாது.

இனி ரிப்போர்ட்ல என்ன இருக்குன்னு பாப்போம். முதல்ல எந்த வகை கேன்சர்னு பாருங்க. வெத்தலை பொகையிலை போடுறவங்களுக்கு உணவுக்குழாயில அதிகமா வர்றது ஸ்குவாமஸ் வகை (குழாயோட உள்தோல் செல்லுல வர்றது), அதுக்கு ஹெர்2 டெஸ்ட் டாக்டர் எழுதலைன்னா சண்டை போடாதீங்க. வயித்துலயும், வயிறும் குழாயும் சேர்ற இடத்துலயும் வர்ற அடினோகார்சினோமா (சுரப்பி செல்லுல வர்ற வகை) முத்தியிருந்தா ஹெர்2 கட்டாயம் பாக்கணும். 3+ வந்தா பாசிட்டிவ், 0, 1+ வந்தா நெகட்டிவ். 2+ வந்தா ரெண்டுமே இல்ல, ஃபிஷ்னு இன்னொரு டெஸ்ட் பண்ணித்தான் முடிவு சொல்லணும். அந்த 2+ஓட ஃபைல மூடிட்டு ஊருக்கு வந்துடுறவங்க நிறைய பேரு. பாசிட்டிவ்னு பாத்ததும் "அப்ப மோசம்தானே"ன்னு கேக்குறாங்க, இல்லைங்க, அங்க ஒரு மருந்துக்கு வழி இருக்குன்னு அர்த்தம். 2010ல வந்த டோகா ஆய்வுல கீமோவோட ட்ராஸ்டுஸுமாப்ங்கிற ஹெர்2வ குறிவச்சு தாக்குற மருந்து சேத்தவங்க சராசரியா 13.8 மாசம், வெறும் கீமோ எடுத்தவங்க 11.1 மாசம் உயிரோட இருந்தாங்க. சின்ன வித்தியாசமா தெரியும், ஆனா ஹெர்2 கூடுதலா இருந்தவங்கள மட்டும் தனியா பாத்தப்ப இடைவெளி இன்னும் பெருசு. ஹெர்2 இல்லாதவங்களுக்கு கிளாடின் 18.2ன்னு இன்னொரு புரோட்டீன் சதையில இருக்கான்னு பாக்குறாங்க, அதுக்கான மருந்த அமெரிக்காவுல 2024ல அனுமதிச்சாங்க. பிடி-எல்1ங்கிற புரோட்டீனோட ஸ்கோர், இம்யூனோதெரபி (உடம்போட எதிர்ப்பு சக்தியவே கேன்சருக்கு எதிரா திருப்புற சிகிச்சை) எவ்வளவு பலன் தரும்னு ஓரளவுக்கு காட்டும், ஸ்குவாமஸ் வகைக்கும் அது பாக்கலாம்.

எம்எஸ்ஐ டெஸ்ட்தான் நிறைய பேரு கேக்காம விடுறது, அதாவது டிஎன்ஏல வர்ற தப்ப சரிசெய்யுற வேலை கேன்சர் செல்லுல கெட்டிருக்கான்னு பாக்குறது. எம்எஸ்ஐ-ஹைனு வந்தா (அந்த வேலை கெட்டிருக்குன்னு அர்த்தம்), ஆபரேஷன் பண்ணக்கூடிய ஸ்டேஜ்ல அவங்களுக்கு மத்தவங்கள விட எதிர்காலம் நல்லாவே இருக்கும், வழக்கமான கீமோவால அவங்களுக்கு எவ்வளவு லாபம்னே கேள்வி இருக்கு, முத்துன நிலையில இம்யூனோதெரபி நல்லா கேக்கும். அதனால கீமோ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கேளுங்க. சிலருக்கு இது லிஞ்ச் சிண்ட்ரோம்ங்கிற, குடல் கேன்சர் வர்ற வாய்ப்பக் கூட்டுற பரம்பரை விஷயமா இருக்கலாம், அப்ப கூடப்பிறந்தவங்களும் பிள்ளைகளும் குடல் செக்கப் பண்ணிக்கணும், இத யாரும் சொந்தக்காரங்ககிட்ட சொல்றதே இல்ல, கல்யாணப் பேச்சு கெட்டுப்போகும்னு மறைக்கிறாங்க.

கருவாடு தின்னதாலயான்னு ஒரு கேள்வி எப்பவும் வரும். உப்பு ஜாஸ்தியான சாப்பாட்டுக்கும் வயித்துக் கேன்சருக்கும் தொடர்பு உண்டு, ஹெச் பைலோரி கிருமிக்கு அதவிட பெரிய பங்கு. ஆனா நோய் வந்த பிறகு அதப் பேசி ஒரு பிரயோஜனமும் இல்ல, பொகையிலைய நிறுத்துனா மட்டும் அப்பவும் லாபம் உண்டு.

கடைசியா கூகுள். "அஞ்சு வருஷம் உயிரோட இருப்பாங்களா"ன்னு தட்டி ஒரு சதவீதம் வந்ததும் கூட்டத்தோட கணக்க உங்க அம்மா மேல வச்சுப் பாக்காதீங்க, அது பல வருஷத்துக்கு முன்னாடி வைத்தியம் பாத்தவங்களோட கணக்கு. எந்த மார்க்கரும் ஸ்டேஜ் அளவுக்கு எதிர்காலத்த சொல்லாது. வயித்துல ஆபரேஷன் ஆயிருந்தா டாக்டர்கிட்ட எத்தனை நெறிக்கட்டி எடுத்துப் பாத்தாங்க, அதுல எத்தனையில நோய் இருந்துச்சுன்னு கேளுங்க. குறைஞ்சது 16 பாத்திருந்தாத்தான் ஸ்டேஜ நம்பலாம். 5 மட்டும் பாத்துட்டு எல்லாம் கிளீன்னு எழுதியிருந்தா அந்த கிளீன அப்படியே எடுத்துக்காம, அடுத்து என்ன பண்ணலாம்னு ஆன்காலஜி டாக்டர்கிட்ட ஃபைலோட போய் உக்காருங்க.