பழைய சி-10 டிரக் கதவில் கண்ணாடி சேனலும் பீடிங்கும் மாற்றுவது எப்படி?

கதவைச் சாத்தும்போது கண்ணாடி கடகடவென்று ஆடுகிறதா? ஏற்றும்போது ஒரு பக்கம் சாய்ந்து சிக்குகிறதா? கண்ணாடியில் மேலிருந்து கீழாகக் கோடுகள் விழுந்திருக்கின்றனவா? அப்படியானால் சேனல், அதாவது கண்ணாடி ஏறி இறங்கும் தடம், தேய்ந்துவிட்டது. உள்ளே ஒட்டியிருந்த மெத்தென்ற துணி போய், வெறும் தகரம் கண்ணாடியை உரசுகிறது. நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஆழமாகிவிட்ட கோட்டைப் பாலிஷ் போட்டாலும் எடுக்க முடியாது. ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

இங்கே சொல்வது 1967 முதல் 1972 வரை வந்த செவர்லே சி-10 பிக்கப்புக்கு. முன்பக்கம் தனியாகத் திறக்கும் முக்கோணக் கண்ணாடி உள்ள கதவு.

என்னென்ன வாங்க வேண்டும்? மேலேயும் பின்பக்கமும் ஓடும் சேனல், முக்கோணக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் கம்பத்துக்கான சேனல், கதவின் இடுப்பில் கண்ணாடியை இருபுறமும் தொட்டு நிற்கும் பட்டைகளான உள், வெளி பீடிங், முக்கோணக் கண்ணாடியின் ரப்பர். கிழிந்த ஒன்றை மட்டும் மாற்றலாம் என்று தோன்றும். எப்படியும் கதவு முழுவதையும் பிரிக்கத்தான் போகிறீர்கள், எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். வளைவு போட்டே வரும் சேனலாகப் பார்த்து வாங்குங்கள். நேராக வருவதை மூலையில் மடக்குவது புதியவர்களுக்குத் தலைவலி.

ஒரு நேரத்தில் ஒரு கதவை மட்டும் பிரியுங்கள். எந்த கிளிப் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று குழம்பினால் மறு கதவைப் பார்த்துக்கொள்ளலாம்.

பிரிப்பது

கண்ணாடியை முழுவதும் இறக்கிவிடுங்கள். கை வைக்கும் ஆர்ம்ரெஸ்டைக் கழற்றுங்கள். அப்புறம் கண்ணாடி சுற்றும் கைப்பிடி. அதன் பின்னால் லாட வடிவத்தில் ஒரு கிளிப் பிடித்திருக்கும். கைப்பிடிக்கும் கதவுக்கும் நடுவே ஒரு பழைய துணியை நுழைத்து இருபுறமும் மாற்றி மாற்றி இழுத்தால் கிளிப் தெறித்து வரும். நிஜமாகவே தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். உள் தகடு மூடியையும் கழற்றினால் கை நுழைய இடம் கிடைக்கும்.

முக்கோணக் கண்ணாடி சட்டத்தைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் கதவின் முன் ஓரத்தில் இருக்கின்றன. அரை நூற்றாண்டுத் துரு ஏறியிருக்கும். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள். தலை வழுக்கிவிட்டால் துளைபோட்டு எடுக்க வேண்டியதாகிவிடும். கம்பத்தின் அடியில் உள்ள போல்ட்டையும் எடுத்தால் சட்டத்தைச் சற்றே பின்னால் சாய்த்து மேலே உருவிவிடலாம். கண்ணாடியின் அடியில் இருக்கும் தகரப் பட்டையை, கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெஷினின் உருளையிலிருந்து தள்ளி விடுவித்து, கண்ணாடியைச் சாய்த்து வெளியே எடுங்கள். கையுறை இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். மெஷினையும் கழற்ற நேர்ந்தால் அதன் சுருள் ஸ்பிரிங்கை மட்டும் பிரிக்க வேண்டாம். முறுக்கேறி இருக்கும், விரலைப் பதம் பார்த்துவிடும்.

கதவின் வயிறு

பலரும் அவசரப்பட்டுத் தாண்டிவிடும் இடம் இது. புது பீடிங் போட்டால் கதவுக்குள் தண்ணீரே போகாது என்று நினைக்காதீர்கள். மழையில் கொஞ்சம் உள்ளே இறங்கத்தான் செய்யும். கதவின் அடியில் இருக்கும் துளைகள் அதை வெளியேற்றுவதற்காகவே இருக்கின்றன. அவை சேறாலும் உதிர்ந்த ரப்பர் தூளாலும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கி, கதவு அடியிலிருந்து அரிக்கும். கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி வழிகிறதா என்று பாருங்கள். பழைய சேனல் இருந்த தடத்தில் துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, நன்றாகக் காயவிடுங்கள்.

பூட்டுவது

முதலில் இடுப்பு பீடிங்குகள். கிளிப்பைத் துளைக்கு நேராக வைத்து, ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக அழுத்துங்கள். அடுத்து ஓடும் சேனல். பின்மேல் மூலையை முதலில் பொருத்தி, அங்கிருந்து முன்னாலும் கீழேயும் தள்ளிக்கொண்டு போங்கள். நீளம் கூடுதலாக இருந்தால், முழுவதும் உட்கார்ந்த பிறகு வெட்டுங்கள். கம்பத்துச் சேனலையும் முக்கோணக் கண்ணாடி ரப்பரையும் வெளியே மேசையில் வைத்தே மாற்றிவிடலாம். ரப்பர் ஏற மறுத்தால் சோப்புத் தண்ணீர் போதும்.

கண்ணாடியை உள்ளே இறக்கி உருளையில் மாட்டி, முக்கோணச் சட்டத்தைப் பூட்டுங்கள். ஸ்க்ரூ எதையும் இப்போதே முறுக்க வேண்டாம். கண்ணாடியை மெதுவாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். புதுத் துணி என்பதால் சற்று இறுக்கமாகத்தான் இருக்கும், நாளடைவில் பழகிவிடும். ஆனால் சாய்ந்தாலோ நடுவழியில் நின்றாலோ கைப்பிடியைப் பலமாகச் சுற்றாதீர்கள். கம்பத்தின் அடியில் இருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, கம்பத்தை இம்மியளவு முன்னும் பின்னும் நகர்த்தினால் கண்ணாடி நேராக ஓடும் இடம் அகப்படும். அந்த இடத்தில் வைத்து எல்லாவற்றையும் முறுக்குங்கள்.

சேனலுக்குள் சிலிக்கான் ஸ்பிரே மட்டும் அடியுங்கள். கிரீஸும் எண்ணெயும் தூசியைப் பிடித்துவைத்து, அதே கோடுகளை மறுபடி போடும். கடைசியாக, தகடு மூடியைப் பூட்டுவதற்கு முன் கண்ணாடி மேல் குழாய்த் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அடித்துளை வழியாக வழிந்தால் சரி. உள்பக்கம் இருக்கைப் பக்கமாகச் சொட்டினால் உள் பீடிங்கில் ஏதோ ஒரு கிளிப் சரியாக உட்காரவில்லை.