கேசட்டைக் கணினியில் ஏற்றியபின் செய்யக்கூடாதவை

பாளையங்கோட்டையில் பழைய வீடியோ கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தரும் வேலை செய்கிறேன். இப்போது நிறைய இளைஞர்கள் வீட்டுக் கல்யாணக் கேசட், ஊர்க் கொடை (கோயில் திருவிழா) கேசட்டுகளைத் தாங்களே மாற்றத் தொடங்கிவிட்டார்கள். சந்தேகம் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் பத்து வருடம் முன்பு பார்த்த அதே தவறுகளைத்தான் பார்க்கிறேன். பேக்கப் எடுக்க வேண்டும், டிஸ்க்கைக் கீழே போடக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சுருக்கிவிட்டு அசலை அழிப்பது

திருத்தவே வழியில்லாத தவறு இது. அதனால்தான் இன்னமும் எனக்குக் கோபம் வருகிறது.

மினிடிவி (MiniDV) என்கிற சின்ன டிஜிட்டல் கேசட்டை அப்படியே ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி வரும். வில்லுப்பாட்டு, கணியான் கூத்து என்று விடிய விடிய எடுத்த கொடைக்கு ஐந்தாறு கேசட்டாவது இருக்கும். லேப்டாப் நிறைந்துவிடுகிறது. உடனே ஏதோ ஒரு மென்பொருளில் போட்டு ஒரு மணி நேரப் படத்தை 500 எம்பிக்குக் கொண்டுவருகிறார்கள். செல்போனில் ஓட்டிப் பார்த்து, நன்றாகத்தானே இருக்கிறது என்று பெரிய கோப்பை அழித்துவிடுகிறார்கள்.

செல்போனில் எதுவும் நன்றாகத்தான் இருக்கும். டிவியில் போட்டுப் பாருங்கள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த ராத்திரிப் படத்தில் இருட்டு முழுக்கப் புள்ளி புள்ளியாக அசைந்துகொண்டிருக்கும். அந்தப் புள்ளிகளைக் காப்பாற்றவே நிறைய இடம் வேண்டும். இடம் கொடுக்காவிட்டால் இருட்டோடு சேர்த்து அதில் நிற்கிறவர்களின் முகங்களும் கட்டம் கட்டமாகிவிடும். சத்தத்தையும் சேர்த்துக் குறைத்திருந்தால் வில்லில் கட்டிய மணிகளின் ஓசை கலங்கிப்போகும்.

இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் ஓடிய பழைய கேமராக்கள் பால் (PAL) என்ற டிவி முறையில் பதிந்தவை. நொடிக்கு 25 படம். ஒவ்வொரு படமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு பாதியாக இருக்கும். இதைக் கவனிக்காமல் அளவைக் குறைத்துச் சுருக்கினால், சாமியாடுகிறவர் கை வீசும் இடத்திலெல்லாம் சீப்புப் பல் போலக் கோடுகள் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். அசல் இருந்தால் இன்னொரு முறை சரியாகச் செய்யலாம். இல்லையென்றால் அவ்வளவுதான்.

நாங்குநேரிப் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தார். அவருடைய தாத்தா சுடலைமாடன் கோயிலில் சாமியாடியவர். "அண்ணாச்சி, தாத்தா முகத்தை மட்டும் கொஞ்சம் தெளிவாக்கித் தாங்க, பெரிசா பிரிண்ட் போடணும்" என்றார். திறந்து பார்த்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து கட்டங்கள். அசல் கோப்பை அழித்துவிட்டாராம். கேசட்டை, "அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே" என்று வீட்டில் குப்பையில் போட்டுவிட்டார்களாம். ஏஐ மென்பொருளில் சரிசெய்யலாமே என்று கேட்டார். அது ஊகித்து ஒரு முகத்தை வரைந்து தரும். அது அவருடைய தாத்தா முகமாக இருக்காது என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

ஒரு டிபி (ஆயிரம் ஜிபி) டிஸ்க்கில் இப்படிப்பட்ட கேசட்டுகள் 70க்கு மேல் அடங்கும். ஒரு குடும்பத்தின் மொத்தக் கேசட்டும் அவ்வளவு வராது. சின்னக் கோப்பு வேண்டுமென்றால் தனியாக ஒன்று செய்துகொள்ளுங்கள், அசல் பக்கத்திலேயே இருக்கட்டும். பழைய டிவிடி என்றால் மேக்எம்கேவி போன்ற மென்பொருளில் தரம் குறையாமல் அப்படியே ஒரே கோப்பாக எடுக்கலாம்.

கேசட்டையும் தூக்கிப் போடாதீர்கள். விஎச்எஸ் (VHS) என்கிற பழைய பெரிய கேசட் இருந்தால் தள்ளிப்போடவும் செய்யாதீர்கள். அதை ஓட்டும் விசிஆர் பிளேயரைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஓடுகிற பிளேயர் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் கடினமாகிறது.

இரண்டு பிரதியும் ஒரே பீரோவில்

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் வீடுகளுக்குள் புகுந்ததை எல்லோரும் பார்த்தோம். பீரோவின் கீழ்த்தட்டில் டிஸ்க்கும் அதன் பேக்கப்பும் சேர்ந்து இருந்தால் சேர்ந்தேதான் நனையும். ஒன்றைத் தென்காசியிலோ மதுரையிலோ இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

எஸ்எஸ்டியைப் பூட்டி வைப்பது

வேண்டாம். எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் பதியும் டிஸ்க். மின்சாரமே காணாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் அதில் உள்ளது அழியலாம்.

வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கே என்பது

அது அசல் இல்லை.

கட் செய்து பேஸ்ட் செய்வது

பாதியில் கரண்ட் போனால் என்ன ஆகும்? காப்பி செய்யுங்கள், சரிபாருங்கள், அப்புறம் அழியுங்கள்.

கோப்பின் தேதியை நம்புவது

அது பெரும்பாலும் கணினியில் ஏற்றிய நாளைத்தான் காட்டும். அதனால் தேதியைப் பெயரிலேயே எழுதுங்கள்: 1998-05-15_சுடலைமாடன்_கொடை_01. ஆண்டு முன்னால் வந்தால் வரிசை தானாக அமையும். 1 என்று எழுதாமல் 01 என்று எழுதினால் பத்தாவது கேசட் இரண்டாவதற்கு முன்னால் வந்து நிற்காது. நாள் தெரியாவிட்டால் ஆண்டோடு நிறுத்துங்கள், ஊகித்து எழுத வேண்டாம். எத்தனையாவது நிமிடத்தில் யார் வருகிறார் என்பதை ஆச்சியிடமோ பெரியப்பாவிடமோ கேட்டு, யூனிகோடில் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பாக அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. கேட்கிற வாய்ப்பும் எப்போதும் இருக்காது.

ஜெல்லிஃபினில் 'மூவிஸ்' என்று சேர்ப்பது

வீட்டு டிவியில் எல்லோரும் பார்க்க ஜெல்லிஃபின் நல்ல இலவச மென்பொருள். சேர்க்கும்போது 'ஹோம் வீடியோஸ்' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். 'மூவிஸ்' என்று கொடுத்தால் இணையத்தில் தேடி, அத்தை கல்யாணத்துக்கு ஏதோ ஒரு சினிமா போஸ்டரை ஒட்டிவிடும். செல்போனில் பார்க்கிறவர்களுக்குத் தேவையான அளவுக்கு அதுவே அந்த நேரத்துக்குச் சுருக்கிக் காட்டும். டிஸ்க்கில் இருக்கும் 13 ஜிபியை நீங்கள் தொடவே வேண்டியதில்லை.