க்யூஷூவுல எரிமலையும் வெந்நீர் குளியலும்: டூர் பேக்கேஜ் இல்லாம நாமளே போறது எப்படி

ஜப்பான் போறேன்னு சொன்னாலே டோக்கியோ, கியோட்டோ, ஒசாகான்னு எல்லாரும் ஒரே லிஸ்ட்டைத்தான் கையில குடுப்பாங்க, நானும் அதைத்தான் முதல்ல போட்டு வச்சிருந்தேன், அப்புறம் ஹோட்டல் ரேட்டையும் கூட்டத்தையும் பாத்துட்டு தெற்கே இருக்கற க்யூஷூ தீவுக்கு மாத்திட்டேன். புகை விடற எரிமலை, மண்ணுக்குள்ள இருந்து கொதிச்சு வர்ற தண்ணி, அந்த ஊருக்கு நடுவுல சாதாரணமா கடை வச்சு வாழற ஜனங்க, இதையெல்லாம் பாக்கணும்னா இந்த தீவு போதும். முதல் தடவை தனியா போறவங்களுக்காக எழுதறேன், அதனால தெரிஞ்சவங்களுக்கு சில இடம் போரடிக்கும், தாண்டிப் போயிடுங்க.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். எரிமலை நம்ம லீவுக்கு ஏத்த மாதிரி நடந்துக்காது. காத்து திரும்பினா, கேஸ் கூடினா, கேட்டை மூடிடுவாங்க. அதனால பிளான் போடறப்பவே ஒரு நாள் சும்மா விட்டு வைக்கணும். கீழ நான் சொல்ற எல்லாமே இதை வச்சுத்தான்.

படி 1: எப்போ போறது

அக்டோபர் கடைசில இருந்து நவம்பர் வரைக்கும், இல்லன்னா மார்ச் கடைசி, ஏப்ரல். ஜூன், ஜூலை மழைக்காலம், க்யூஷூவுல அந்த மழை சும்மா இருக்காது, மலைச்சரிவு வந்து ரயிலே நின்னு போகும். ஆகஸ்ட், செப்டம்பர் புயல் சீசன். ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் அவங்களுக்கு தொடர் லீவு, ரூமே கிடைக்காது.

படி 2: விசா, டிக்கெட்

இந்தியா பாஸ்போர்ட்டுக்கு விசா கண்டிப்பா வேணும், டிக்கெட் போடறதுக்கு முன்னாடி பேங்க் ஸ்டேட்மென்ட், நாள்வாரியா எங்க போறோம்னு ஒரு அட்டவணை இதெல்லாம் ரெடி பண்ணிக்கோங்க. இப்போ நிறைய பேருக்கு இ-விசாவா வருது, ஏர்போர்ட்ல அதை நெட் கனெக்‌ஷனோட போன்லயே திறந்து காட்டணும், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன்னு சொன்னா செல்லாது. இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் ஃபார்மை விசிட் ஜப்பான் வெப்ங்கற சைட்ல முன்னாடியே போட்டு க்யூ.ஆர். கோட் எடுத்துட்டா வரிசை சீக்கிரம் நகரும். சிங்கப்பூர், பாங்காக் வழியா க்யூஷூவுலயே இருக்கற ஃபுகுவோகாவுக்கு ஃப்ளைட் இருக்கு, டோக்கியோவுல இறங்கி திரும்ப தெற்கே வர வேண்டிய அவசியமே இல்ல.

படி 3: ரூட்

நான் போன வழி இதுதான், ஒரு வட்டம் மாதிரி. ஃபுகுவோகாவுல இறங்கி ஹகாட்டா ஸ்டேஷன்ல இருந்து சோனிக் எக்ஸ்பிரஸ்ல வெந்நீர் ஊத்து ஊரான பெப்பு, சுமார் 2 மணி நேரம், அங்க ரெண்டு ராத்திரி. பெப்புல இருந்து மலைக்கு நடுவால போற ஹோஹி லைன்ல எரிமலை இருக்கற அசோ, அங்கயும் ரெண்டு ராத்திரி, சும்மா விட்டு வைக்கணும்னு சொன்னேனே அந்த நாள் இங்கதான் வரணும். அசோல இருந்து குமமோட்டோ இறங்கி ஷிங்கன்சென் (புல்லட் ரயில்) பிடிச்சு ககோஷிமா, அங்க ரெண்டு இல்ல மூணு ராத்திரி. கடைசில ககோஷிமா சூவோ ஸ்டேஷன்ல இருந்து ஹகாட்டாவுக்கு ஷிங்கன்சென்ல ஒன்றரை மணி நேரம். வழியில குமமோட்டோ கோட்டையை பாக்கலாம், 2016 பூகம்பத்துல அடி வாங்கினது, நடு கோபுரத்தை 2021ல திரும்ப திறந்துட்டாங்க, சுத்தி உள்ள சுவர்ல இன்னும் வேலை நடக்குது. அரை நாள் போதும்.

பெப்பு, அசோ ரூட்ல நேரா போற எக்ஸ்பிரஸ் ஒரு நாளைக்கு விரல் விட்டு எண்ற அளவுதான். அதைத் தவற விட்டா ரெண்டு மூணு லோக்கல் மாறி மாறி பாதி நாள் போயிடும். அதனால அந்த ஒரு ரயில் டைமை முதல்ல நோட் பண்ணிட்டு மத்ததை எல்லாம் அதை சுத்தி போடுங்க.

படி 4: பாஸ், காசு

ஜப்பான் முழுக்க செல்லற ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) பாஸ் 2023 அக்டோபர்ல விலை ஏறி 7 நாளைக்கு 50,000 யென் ஆயிடுச்சு, இந்த ட்ரிப்புக்கு அது வேண்டவே வேண்டாம். ஜே.ஆர். க்யூஷூ தனியா பாஸ் விக்குது, தீவு முழுக்க, வடக்கு மட்டும், தெற்கு மட்டும்னு மூணு விதம். நம்ம வட்டத்துக்கு தீவு முழுக்க இருக்கறது. ஆனா எத்தனை நாள் பாஸ்னு பாத்து, தனித்தனி டிக்கெட்டையும் கூட்டிப் பாத்துட்டு வாங்குங்க, ஒரே ஊர்ல உக்காந்திருக்கற நாளுக்கும் சேத்து பாஸ் வாங்கி காசை விடாதீங்க.

ஊருக்குள்ள பஸ், ட்ராமுக்கு சுகோக்கா, சுய்க்கா மாதிரி தட்டற கார்டு, ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. குமமோட்டோ பக்கம் பஸ் கம்பெனிங்க 2024 கடைசில அந்த கார்டுகளை எடுக்கறதையே நிறுத்திட்டாங்க. சில்லறைக்கு ஒரு சின்ன பர்ஸ் வச்சுக்கோங்க, சின்ன குளியல் வீடு, லாக்கர்லயும் 100 யென் காசுதான் கேக்கும். கார் ஓட்ட தெரிஞ்சவங்க இந்தியாவுல எடுக்கற இன்டர்நேஷனல் பெர்மிட் வச்சே ஓட்டலாம், அங்கயும் இடது பக்கம்தான், அசோக்கு மட்டும் ஒரு நாள் கார் எடுத்தா ரொம்ப வசதி.

படி 5: பெப்பு

பெப்பு ஸ்டேஷன் விட்டு வெளிய வந்து மலைப் பக்கம் பாத்தா ஊர் பூரா வீட்டுக்கு நடுவுல வெள்ளை வெள்ளையா ஆவி போகும். தீப்பிடிச்சிருக்குன்னு பயப்படாதீங்க, தினமும் அப்படித்தான். 2,000த்துக்கு மேல ஊத்து இருக்கற ஊர் அது.

ஜிகோகுன்னா நரகம். பாக்க மட்டும், குளிக்க முடியாத கொதிகுளங்களுக்கு அப்படி பேர் வச்சிருக்காங்க, மொத்தம் ஏழு, ஒரே டிக்கெட்ல எல்லாம் பாக்கலாம். அஞ்சு கன்னவா பக்கத்துல நடக்கற தூரம், மீதி ரெண்டுக்கு பஸ். எனக்கு பிடிச்சது உமி ஜிகோகு, கடல் மாதிரி நீலமா இருக்கும், 98 டிகிரி, அதுலயே கூடையில முட்டை தொங்கவிட்டு வேக வைப்பாங்க. சினோயிகே ரத்தச் சிவப்பு, இரும்புச் சத்து உள்ள களிமண்ணால வர்ற கலர். அதுக்குப் பக்கத்துலயே தட்சுமாகின்னு ஒரு பீச்சு ஊத்து, அரை மணிக்கு, முப்பத்தஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் பொங்கும். முதலை வளக்கற நரகம் ஒண்ணு இருக்கு, அதுக்கு ரெண்டு நிமிஷத்துக்கு மேல குடுக்காதீங்க.

சைவம் சாப்பிடறவங்க இந்த இடத்தை நல்லா படிங்க. ஜப்பான்ல கறி இல்லாம குடுங்கன்னு கேட்டா குடுப்பாங்க, ஆனா சூப்புல, சாஸ்ல எல்லாம் தாஷின்னு மீன் சாறு இருக்கும், உடோன் நூடுல்ஸ் கூட அப்படித்தான். அவங்களைப் பொறுத்த வரைக்கும் அது மீனே இல்ல. ஆனா கன்னவாவுல ஜிகோகு முஷின்னு ஒண்ணு இருக்கு, பூமிக்குள்ள இருந்து வர்ற ஆவி மேல ஒரு அடுப்பு கட்டி வச்சிருப்பாங்க, நாமளே சக்கரவள்ளிக் கிழங்கு, சோளம், பூசணி, கோஸ்னு தட்டுல வச்சு மூடி, மணி பாத்து எடுக்கலாம். உப்பு தூவினா போதும். இட்லி மாவு மட்டும் கையில இருந்திருந்தா அங்கயே ஊத்தியிருப்பேன், அவ்வளவு நல்ல ஆவி. மத்த நாளைக்கு அரிசி உருண்டை, வாழைப்பழம், ரொட்டி, ஊர்ல இருந்து எடுத்துட்டு போன பருப்புப் பொடி.

படி 6: ஆன்சென்ல (வெந்நீர் ஊத்து குளியல் இடம்) குளிக்கறது

எல்லாருக்கும் பயம் இங்கதான். ஆமா, ஒட்டுத்துணி இல்லாமத்தான். ஆத்துல குளிச்சா கூட துண்டு கட்டிட்டு இறங்கற ஊர்க்காரங்க நாம, எனக்கு முதல் நாள் கதவு வரைக்கும் போயிட்டு திரும்பி வந்து ஒரு காபி குடிச்சிட்டுதான் மறுபடி போக முடிஞ்சுது. உள்ள போனா ஒருத்தர் கூட நம்மள பாக்கறதில்ல, அவங்கவங்க கண்ணை மூடிட்டு உக்காந்திருக்காங்க. ரெண்டு நிமிஷத்துல கூச்சம் போயிடும்.

வாசல்ல செருப்பை கழட்டி வைங்க. துணித் திரை தொங்கும், பெரும்பாலும் நீலம் ஆம்பளைங்களுக்கு, சிவப்பு பொம்பளைங்களுக்கு. கலரை நம்ப முடியலன்னா எழுத்தை பாருங்க, மேல நாலு கட்டம் போட்ட சதுரம் இருந்தா ஆண், ரெண்டு கோடு குறுக்கால பின்னி நடுவுல ஒரு படுக்கைக் கோடு போனா பெண். சில ரியோகான்ல (பழைய பாணி ஜப்பான் விடுதி) காலையில ரெண்டையும் மாத்தி தொங்கவிடுவாங்க, அதனால நேத்து இந்தப் பக்கம்தானேன்னு தூக்கக் கலக்கத்துல நுழையாதீங்க.

துணியெல்லாம் கூடையில போட்டுட்டு ஒரு சின்ன துண்டு மட்டும் எடுத்துட்டு போங்க. தொட்டில இறங்கறதுக்கு முன்னாடி ஸ்டூல்ல உக்காந்து சோப்பு போட்டு நல்லா தேச்சு குளிக்கணும், இதுதான் முக்கியம், இதை செய்யாம இறங்கினா மொத்த ரூமும் திரும்பிப் பாக்கும். நாம குளிக்கறதுக்குத் தொட்டிக்குள்ள போறதில்ல, குளிச்சிட்டுத்தான் தொட்டிக்குப் போறோம். தகேகவாரா மாதிரி பழைய குளியல் வீட்டுல ஷவரே கிடையாது, (இப்போ இருக்கற கட்டிடம் 1938ல கட்டினது, உள்ள போனா கோயில் மண்டபம் மாதிரி உசரமா இருக்கும்), தொட்டி ஓரத்துல உக்காந்து மொண்டு ஊத்திக்கணும், சோப்பும் நம்மளுதுதான். துண்டு தண்ணிக்குள்ள படக்கூடாது, மடிச்சு தலை மேல வச்சுக்கலாம். நீள முடியை கட்டிக்கணும். போன் கூடவே கூடாது.

பெப்பு தண்ணி சூடு அதிகம், கால் வச்ச உடனே இழுத்துக்குவீங்க. மெல்ல மெல்ல உக்காந்து, முதல் தடவை அஞ்சு நிமிஷத்துல எந்திரிச்சிடுங்க, தலை சுத்தும். தண்ணி குடிங்க. பீர் குடிச்சிட்டு இறங்காதீங்க. பெரிய டாட்டூ இருந்தா சில இடத்துல விட மாட்டாங்க, முன்னாடியே கேட்டுக்கோங்க. குடும்பமா, கூச்சமில்லாம குளிக்கணும்னா கஷிகிரின்னு கேளுங்க, மணிக்கணக்குல வாடகைக்கு தனி ரூம், க்யூஷூவுல இது நிறைய உண்டு.

யாரும் சொல்லாத ஒண்ணு: வெள்ளி நகையை கழட்டி ரூம்லயே வச்சிட்டு போங்க. கந்தகத் தண்ணில வெள்ளி கருத்துடும். எங்க வீட்டுக்காரம்மா மெட்டி ஒரே குளியல்ல கரி மாதிரி ஆயிடுச்சு, அதுக்கு இன்னிக்கு வரைக்கும் பேச்சு வாங்கறேன்.

படி 7: அசோ

அசோ ஒரு மலைன்னு நினைச்சுட்டு போனா ஏமாந்துடுவீங்க. ரயில் ஸ்டேஷன், வயல், பள்ளிக்கூடம் எல்லாமே ஒரு பழைய எரிமலை வாய்க்குள்ளதான் இருக்கு. வடக்கு தெற்கா 25 கிலோமீட்டர், கிழக்கு மேற்கா 18, சுமார் 90,000 வருஷத்துக்கு முன்னாடி நடந்த பெரிய வெடிப்புல நிலமே உள்வாங்கி இப்படி ஆனது, இன்னிக்கு அதுக்குள்ள ஏறக்குறைய 50,000 பேர் குடும்பம் நடத்தறாங்க. டாய்கான்போ மேட்டுல நின்னு பாத்தாத்தான் அந்த அளவு புரியும், சுத்தி மதில் மாதிரி மலை, நடுவுல அஞ்சு சிகரம், படுத்திருக்கற புத்தர்னு சொல்லுவாங்க.

நடுவுல இருக்கற நகாடகேதான் இப்பவும் உயிரோட இருக்கறது, 2021 அக்டோபர்ல கூட வெடிச்சுது. இங்க செய்ய வேண்டியது: காலையில எந்திரிச்ச உடனே பல்லு விளக்கறதுக்கு முன்னாடி எரிமலை வாய் நிலவரம் சொல்ற சைட்டை பாருங்க. எரிமலைக்கு 1ல இருந்து 5 வரைக்கும் எச்சரிக்கை லெவல் உண்டு, அசோல லெவல் 2 ஆனா வாயைச் சுத்தி 1 கிலோமீட்டருக்கு யாரையும் விட மாட்டாங்க. லெவல் 1லயும் கந்தக கேஸ் கூடினா அந்த நேரத்துக்கு மூடிடுவாங்க. ஆஸ்துமா, இதய நோய் இருக்கறவங்க திறந்திருந்தாலும் போகவே கூடாது, இதுல வீரம் காட்டாதீங்க.

நாங்க போன முதல் நாள் கேட் மூடியாச்சு. திட்டிட்டே பஸ்ல குசசென்ரி வரைக்கும் போனோம், புல்வெளி, குளம், குதிரை, பின்னாடி புகை, அதுவே கண்ணுக்கு நிறைஞ்சுது. மத்தியானம் ரெண்டு ஸ்டேஷன் தள்ளி மியாஜி போய் அசோ கோயிலைப் பாத்தோம், 2016 பூகம்பத்துல தரையில சரிஞ்ச வாசல் கோபுரத்தை பிரிச்சு சரி பண்ணி 2023ல திரும்ப நிறுத்தியிருக்காங்க. கோயில் தெருவுல கடைக்கு கடை ஊத்துத் தண்ணி, பாட்டில்ல பிடிச்சுக்கலாம், இலவசம். மறுநாள் காலையில கேட் திறந்துச்சு, பச்சையா கொதிக்கற குளத்தை இருபது நிமிஷம் பாத்தோம், அதுக்குள்ள காத்து திரும்பி எல்லாரையும் கீழ இறங்கச் சொல்லிட்டாங்க. ஒரு ராத்திரி மட்டும் தங்கியிருந்தா அந்த இருபது நிமிஷமும் இல்ல.

குமமோட்டோ போற வழியில டடேனோன்னு ஒரு ஸ்டேஷன் வரும், ரயில் அங்க நின்னு பின்னாடி போய் மறுபடி முன்னாடி வந்து, இசட் எழுத்து மாதிரி மலையிறங்கும். ஜன்னல் பக்கம் இருங்க.

படி 8: சகுராஜிமா, இபுசுகி

ககோஷிமா நகரத்துல இருந்து ஃபெர்ரில 15 நிமிஷம், அவ்வளவு பக்கத்துல 1,117 மீட்டர் எரிமலை. பேர்ல ஜிமான்னு, அதாவது தீவுன்னு இருந்தாலும் இப்போ அது தீவு இல்ல, 1914 ஜனவரில வெடிச்சப்ப ஓடின லாவா கடலை மூடி கிழக்குப் பக்கம் நிலத்தோட ஒட்ட வச்சிடுச்சு. அந்த சாம்பல்ல புதைஞ்ச கோயில் வளைவு குரோகாமில இருக்கு, 3 மீட்டர் உசரத்துல மேல் பாகம் மட்டும் 1 மீட்டர் வெளிய தெரியும். யூனோஹிரா பாயின்ட் வரைக்கும் சுத்திக் காட்டற பஸ் உண்டு, அதுக்கு மேல ஏற யாருக்கும் அனுமதி இல்ல. ஃபெர்ரி துறைகிட்டயே நகிசா பார்க்ல சுமார் 100 மீட்டர் நீள கால் தொட்டி, பைசா கிடையாது, கடலைப் பாத்துட்டே கால் நனைக்கலாம்.

அங்க வானிலை சொல்றப்ப சாம்பல் எந்தப் பக்கம் போகும்னும் சொல்லுவாங்க. நம்ம பக்கம்னா கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம், கண்ணாடி போடுங்க, மாஸ்க் எடுத்துக்கோங்க. வீட்டு வாசல்ல மஞ்சள் பை இருந்தா தொடாதீங்க, கூட்டின சாம்பலை போட மாநகராட்சி குடுக்கறது.

ககோஷிமால இருந்து ரயில்ல ஒரு மணி நேரம் தெற்கே இபுசுகி. கடற்கரை மணலுக்கு அடியில வெந்நீர் ஓடுது, யுகாட்டா துணி கட்டிட்டு படுத்தா மண்வெட்டியால கழுத்து வரைக்கும் மூடுவாங்க. துணியோடங்கறதால ஆன்செனுக்கு வரவே மாட்டேன்னு அடம் பிடிக்கறவங்களை இங்க கூட்டிட்டு வரலாம். பத்து நிமிஷம் போதும், மணல் கனத்துல நெஞ்சு துடிக்கறது காது வரைக்கும் கேக்கும்.

திரும்பற அன்னிக்கு ஒரு விஷயம். ஹகாட்டாவுல இருந்து ஏர்போர்ட்டுக்கு மெட்ரோல ரெண்டே ஸ்டாப்தான், அஞ்சாறு நிமிஷம், ஆனா அது நிக்கறது உள்நாட்டு டெர்மினல்ல. அங்கிருந்து இன்டர்நேஷனல் டெர்மினலுக்கு இலவச பஸ் பிடிக்கணும், அதுக்கு அரை மணி நேரம் கூட வச்சுக்கோங்க.