பழைய சிமென்ட் தரையின் மேல் செராமிக் டைல் பதிக்கும் முறை

பழைய சிமென்ட் தரையை உடைத்தெடுக்காமல் அதன் மேலேயே செராமிக் டைல் பதிக்கலாம். ஆனால் அந்தத் தரை ஆட்டங்காணாமல் கெட்டியாக இருக்க வேண்டும். சுத்தியல் பிடியால் தரை முழுவதையும் தட்டிக்கொண்டே வந்தால், பூச்சு விட்டுப்போன இடங்களில் பொள்ளலான ஓசை கேட்கும். அந்த இடங்களைக் கொத்தி எடுத்துக் கலவையால் நிரப்பி, நன்றாக இறுகவிட வேண்டும். மெழுகு தேய்த்து வழவழப்பான தரையாக இருந்தால், உளியால் நெருக்கமாகக் கொத்திச் சொரசொரப்பாக்கித் தூசி போகக் கழுவிவிடுவது அவசியம். டைலும் பசையும் சேர்ந்து தரையை ஏறத்தாழ 12 மி.மீ. உயர்த்தும் என்பதால், கதவின் அடியில் அவ்வளவு இடைவெளி உள்ளதா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும்.

டைல் வாங்கும்போது அறையின் பரப்பளவைவிடப் பத்து விழுக்காடு கூடுதலாக வாங்குவதோடு, எல்லாப் பெட்டிகளிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பேட்ச் மாறினால் நிறம் மட்டுமன்றி அளவும் நூலிழை மாறக்கூடும்.

வேலையின் அழகு முதல் டைலை ஒட்டுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. 330 செ.மீ. அகலமுள்ள அறையில் 40 செ.மீ. டைல்களை 3 மி.மீ. இடைவெளியுடன் ஒரு சுவரிலிருந்து அடுக்கிக்கொண்டு போனால், எட்டு டைல்களுக்குப் பிறகு எதிர்ச்சுவரோரம் 7 செ.மீ. அளவுக்குத் துண்டு விழும். அதற்குப் பதிலாக ஏழு முழு டைல்களை நடுவில் நிறுத்தினால், இருபுறமும் ஏறக்குறைய 24 செ.மீ. துண்டுகள் சமமாக அமையும். வெட்டுவதும் எளிது, பார்வைக்கும் உறுத்தாது. சுவர்கள் நேராக இருக்கும் என்று நம்பி அவற்றை ஒட்டியே வரிசை பிடிக்கக் கூடாது. அறையின் நடுவே ஒன்றையொன்று குறுக்கிடும் இரண்டு கோடுகளை நூலடித்து, அவை சந்திக்கும் புள்ளியிலிருந்து ஒன்றில் 3 அடியும் மற்றதில் 4 அடியும் குறித்து, அவ்விரு குறிகளுக்கும் இடையே சரியாக 5 அடி இருந்தால் மூலைமட்டம் சரி எனக் கொள்ளலாம்.

டைல் பசையைப் பையில் அச்சிட்டுள்ள அளவு தண்ணீரில் கலந்து, சில நிமிடங்கள் ஆறவிட்டு மறுபடி கிளற வேண்டும். பல் கரணையால் ஒரே திசையில் வரிவரியாக இழுத்து, கால் மணி நேரத்துக்குள் ஒட்டி முடிக்கக்கூடிய பரப்புக்கு மட்டுமே பரப்ப வேண்டும். நம் ஊர் வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்வது நல்லது, ஏனெனில் பசையின் மேல் விரைவில் ஆடை படிந்துவிடும். விரலால் தொட்டால் ஒட்டாத பசையைச் சுரண்டி எறிந்துவிட வேண்டுமே தவிர, தண்ணீர் தெளித்து மறுபடி பயன்படுத்தக் கூடாது. சிமென்ட் கலவையில் பதிக்கும் செராமிக் டைல்களைத் தண்ணீரில் ஊறவைப்பது வழக்கம் என்றாலும், பசை வைத்து ஒட்டுபவற்றை நனைக்கத் தேவையில்லை. டைலின் அடியில் ஐந்து உருண்டைகளாகப் பசை வைத்து அமுக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. அதை நான் அனுமதிக்கவே மாட்டேன். மூலைகளுக்கு அடியில் வெற்றிடம் இருந்தால், கனமான பாத்திரம் ஒன்று விழுந்தாலும் டைல் விரிசல் விட்டுவிடும். எனவே, ஒட்டிய டைல்களில் ஒன்றை அவ்வப்போது பெயர்த்து, அதன் முதுகு முழுவதும் பசை பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ரப்பர் சுத்தியால் மெல்லத் தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, டைல்களின் மூலைகளில், இடைவெளி சீராக இருப்பதற்கான ஸ்பேசர் துண்டுகளைச் செருகிக்கொண்டே வாசலை நோக்கிப் பின்வாங்கி வர வேண்டும். சுவரோரம் 5 மி.மீ. அளவுக்கு விட்ட இடைவெளியைக் கிரவுட் (டைல் இணைப்புகளை நிரப்பும் கலவை) வைத்து அடைக்காமல் விட்டால், வெப்பத்தில் தரை விரிவதற்கு இடமிருக்கும். சுவரின் அடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும்.

ஒரு நாள் கழித்து ஸ்பேசர்களை எடுத்துவிட்டு, கிரவுட்டை ரப்பர் பலகையால் இணைப்புகளுக்குக் குறுக்குவாட்டில் அழுத்தித் தேய்க்க வேண்டும். சற்று இறுகியதும், நன்கு பிழிந்த ஈரப் பஞ்சால் துடைக்கலாம். தண்ணீர் அதிகமானால் கிரவுட் திட்டுத்திட்டாக வெளுத்துப்போகும். கூடத்துக்கு வெள்ளைக் கிரவுட்டைவிடச் சாம்பல் நிறமே ஏற்றது. பீரோ, கட்டில் போன்றவற்றை இரண்டு மூன்று நாட்கள் கழித்தே உள்ளே கொண்டுவர வேண்டும்.