நடுங்கி நின்ற ஸ்டெப்பர் மோட்டார்

மதுரை அருகே கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் உள்ள எங்கள் பட்டறையில், மரம் செதுக்கும் இயந்திரத்தின் ஸ்டெப்பர் மோட்டார் (மின்துடிப்புக்கு ஒரு படியாகச் சுழலும் மோட்டார்) சுழலாமல் உறுமியபடி நடுங்கியது. மின்சாரத்தை நிறுத்தி, மோட்டாரை இயக்கும் மின்பெட்டியான டிரைவின் பச்சை விளக்கு முழுதாக அணையும்வரை காத்திருந்தேன். மின்சாரம் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றினால் டிரைவ் எரிந்துவிடக்கூடும். இதில் அவசரமே கூடாது.

நான்கு ஒயர்களையும் கழற்றினேன். இரண்டிரண்டு முனைகளைச் சேர்த்துப் பிடித்துத் தண்டைக் கையால் திருகினால், ஒரே சுருளின் ஜோடி அமையும்போது தண்டு கனக்கும். கறுப்பும் பச்சையும் ஒரு ஜோடி, சிவப்பும் நீலமும் இன்னொன்று. மல்டிமீட்டரும் அதையே சொன்னது. முன்பு நிறத்தை நம்பி மாற்றி மாட்டியிருக்கிறார்கள். ஜோடி பார்த்துச் சரியாக மாட்டினேன்.

மோட்டார் தகட்டில் 2.8 ஆம்பியர், டிரைவில் மின்னோட்ட அளவை வைக்கும் சிறு சுவிட்சுகளோ 4.2-இல் இருந்தன. இறக்கினேன். சுற்றுக்கு 1600 துடிப்பு, திருகுதண்டு ஒரு சுற்றுக்கு நகர்த்துவது 5 மி.மீ.; ஆக மி.மீ.க்கு 320 துடிப்பு. ஸ்கேல் வைத்து 100 மி.மீ. நகர்த்தினேன். கோட்டின்மேல் வந்து நின்றது.